சீலிங்கில் ஆடிய வாவி

சுனாமிக்கு அடுத்த வருடம், வவுணதீவிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு நோயாளி பார்க்கும் வேலைக்குப் போய் மேபல் அன்ரியை அவர் வீட்டிலேயே பராமரித்துவந்தேன். அலை அடித்துப்போட்டதில் இடுப்பு முறிந்து, மல்லாந்தபடியே கிடந்தார்.

இருட்டுக்குள் எதற்குக் கிடக்கவேண்டும் என்று, ஒருநாள் பிற்பகல் கட்டிலை வாவிப்பக்க யன்னலடிக்குத் தள்ளினேன். காற்று இதமாக வந்தது. அவருக்குத் தலைவாரிக்கொண்டிருக்கையில் எனக்குக் கண் சொருகியது.

திடீரென்று அவருடைய மூச்சுச் சத்தம் நின்றது. கன்னம் உப்பி, உதடு இறுகி, முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“அன்ரி, மூச்ச விடுங்க!” என்று கத்தினேன்.

அவரோ என்னை இழுத்துத் தலையணையில் சாய்த்து, என் வாயையும் மூக்கையும் பொத்தினார். அப்போதுதான் மேலே பார்த்தேன். வாவியில் பட்ட வெயில் சீலிங் முழுவதும் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் தண்ணீருக்கு அடியில் கிடந்தோம்.

பாய்ந்து திரைச்சேலையை இழுத்து மூடினேன். அவர் மூச்சை விட்டார்.

“தண்ணி போயிட்டா மகள்?”

“ஓம் அன்ரி, வத்திட்டு.”

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், நோயாளியைக் கிடத்துமுன் அந்தக் கட்டிலில் நான் ஒருமுறை மல்லாந்து படுத்துப் பார்ப்பேன். வீட்டுக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.