ஈரலுக்கு இட்லி தெரியாது

1974 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால். நாற்பத்தொன்பது நொடி. டாக்டர் மெஹருன்னிஸாவின் ரத்தம் ஆய்வுக்கூடத்தில் என் சோதனைக் குழாயில் உறைய எடுத்துக்கொண்ட நேரம் அது. பதினான்கில் உறைந்திருக்க வேண்டும். மறுநாள் அவர் இறந்த செய்தி வந்தபோது அழுதவர்களில் நான் இல்லை. எனக்கு அது குழாயிலேயே வந்துவிட்டது.

அந்தச் சோதனையை நம் மயிலாப்பூர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். எலி மருந்து உள்ளே போனவர்கள் முதல் நாள் வாந்தி எடுப்பார்கள். அப்புறம் ஓரிரு நாள் தெளிவாக இருப்பார்கள். ஈரல் கெடுவது அதற்குப் பிறகு. அது கெட்டால் ரத்தம் சரியாக உறையாது. ஆகவே, வைட்டமின் கே ஊசி போடும் முன் ஒருமுறையும் மறுநாள் ஒருமுறையும் ரத்தம் எடுப்பார். உறையும் நேரம் குறைந்தால் ஈரல் வேலை செய்கிறது, சிகிச்சைக்கு அசைந்து கொடுக்கும். குறையாவிட்டால் ஆள் சிரித்துக்கொண்டிருந்தாலும் வெளியே விடக் கூடாது.

நம் தலைமை மருத்துவரிடமும் ஒரு சோதனை உண்டு. ரவுண்ட்ஸில் ஒரே கேள்வி: "இட்லி சாப்பிட்டாளா?" சாப்பிட்டால் கட்டில் காலி.

கோமளா தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவள். கிடங்கில் எலிக்கு வைத்திருந்த வடையைத் தெரியாமல் தின்றுவிட்டாள். மூன்றாம் நாள் இட்லி கேட்டாள். ஊசிக்குப் பிறகும் அவள் ரத்தத்தின் நேரம் குறையவில்லை. டாக்டர் எல்லோர் முன்பும் சொன்னார்: "ஈரலுக்கு இட்லி தெரியாது, சார்." தலைவர் சிரித்தார். "ஏம்மா, உன் கண்ணாடிக் குழாய்க்கு நாடி பார்க்கத் தெரியுமா? அனுப்பு."

இரண்டாம் நாள் சைதாப்பேட்டை வீட்டிலிருந்து அவளைத் திரும்பத் தூக்கி வந்தார்கள். "நாலு இட்லி துண்ணுச்சே டாக்டரம்மா! இப்ப இன்னா இப்டி மஞ்சளா கீது?" என்று அவள் அம்மா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே எல்லாம் முடிந்தது. வார்டிலேயே வைத்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. குளுகோஸும் ரத்தமும் ஏறியிருக்கும். அந்த வாய்ப்பைப் பறித்தது யார் என்பது தெரியும்.

பிறகு, கிருமியால் காமாலை வந்த ஒரு நோயாளி திமிறியதில், ரத்தம் எடுத்த ஊசி டாக்டரின் விரலில் ஏறியது. சில வாரங்களில் அவருக்கே மஞ்சள் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை கட்டிலில் இருந்தபடி, "எத்தனை சேகர்?" என்றார்.

"நாற்பத்தொன்பது."

"வைட்டமின் கே போடறதுக்கு முன்னாடி?"

"நாற்பத்தேழு."

"சரி, சீஃப் கிட்ட சொல்லு, மெஹர் இட்லி சாப்பிட்டாள்னு. வீட்டுக்கு அனுப்பிடட்டும்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். "என் மகள் மாதிரி. அவளுடைய சோதனையை முதல் நாளே ஆதரித்தவன் நான்." யாரும் மறுக்க எழுந்திருக்கவில்லை, நான் உட்பட. ஆகவே நம் மருத்துவமனை இதழில் எழுதுகிறேன். அது பொய்.

நொடி எண்ண டாக்டர் வைத்திருந்த ஸ்டாப் வாட்ச் இப்போது என்னிடம் இருக்கிறது. இனி செய்யப்போவது இது:

1. இந்த இதழைத் தலைவரின் மேசையில், இந்தப் பக்கத்தைத் திறந்து, நானே வைப்பேன்.

2. எலி மருந்து நோயாளி யார் வந்தாலும், தலைவரின் கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு முறை சோதிப்பேன்.

3. அவர் இட்லி பற்றிக் கேட்கும்போதெல்லாம் வார்டுக்கே கேட்கும்படி நொடியைச் சொல்வேன். கூடவே கோமளாவின் பெயரையும்.

4. என்றாவது அவருடைய ஈரலே கெட்டு அந்தக் கட்டிலுக்கு அவர் வந்தால், அவருக்கும் இரண்டு முறை பார்ப்பேன். நேரம் குறையாவிட்டால், எத்தனை இட்லி சாப்பிட்டிருந்தாலும் வீட்டுக்கு விட மாட்டேன். இதைவிடப் பெரிதாகப் பழிவாங்க எனக்குத் தெரியவில்லை.