கெஸ்ட்டாக வந்த பெண்

கொரோனா ஓய்ந்து, புதுச்சேரிப் பக்கம் திருபுவனை கம்பெனிகளில் மறுபடி எல்லா ஷிப்ட்டும் ஓடத் தொடங்கியிருந்த சமயம். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லாததால், நானும் கணவரும் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஏம்பலத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. முன்பு ஒரு முறை கரு கலைந்தபோது ஊரே துக்கம் விசாரிக்க வந்தது. இன்னொரு தடவை அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

மனம்விட்டுப் பேச ஆளில்லாமல், என்னைப் போன்ற பெண்கள் தமிழில் எழுதிக்கொள்ளும் ஓர் இணைய ஃபோரத்தில் புனைபெயரில் சேர்ந்தேன். போன் நம்பர் கொடுத்தால்தான் உறுப்பினராக முடியும். சேராதவர்கள் 'கெஸ்ட்'. அவர்கள் பொதுப் பக்கத்தை மட்டும் படிக்கலாம், பெயர் சொல்லாமல் கேள்வி கேட்கலாம். எங்கள் சொந்தக் கதைகள் உறுப்பினர்களுக்கு மட்டும்தான். அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். கணவர் வேலை செய்யும் இடம், எங்கள் கரும்புக் கொல்லை, ஊசி போட பாகூர் போவது, கடைசியில் ஸ்கேன் படம்கூட.

ஒருநாள் காலை, பொதுப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் என் புனைபெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார்: "அக்கா, லாகின் பண்ணாம சைட்ட ஒரு தடவ தொறந்து பாருங்க. ஒடனே பாருங்க."

அப்படியே செய்தேன். நான் எழுதிய அத்தனையும் எல்லோரும் படிக்கும்படி கிடந்தது. ஸ்கேன் படத்தின் மூலையில் என் முழுப் பெயர் இருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.

வேலைக்குக் கிளம்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர், "இன்னா ஆச்சி? மூஞ்சி ஏன் வெளுத்துக் கீது?" என்றார். போனை நீட்டினேன். தட்டை நகர்த்தி வைத்தார். "மொதல்ல எல்லாத்தையும் அழி. அப்பறமா அழுவலாம்."

அழித்துவிட்டு, ஃபோரம் நடத்தும் அம்மாவுக்குப் போன் செய்தேன். சைட்டைப் புதுப்பித்தபோது தவறு நேர்ந்து, உறுப்பினர் பக்கங்கள் எல்லாமே திறந்துகொண்டிருக்கின்றன. மன்னிப்புக் கேட்டு உடனே சரிசெய்தார். ஆனால் உறுப்பினர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். இனி கெஸ்ட்டுகளையே விடக்கூடாது, எல்லாவற்றையும் படித்த அந்தப் பெண் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "எந்த ஊருப் பக்கத்துலேர்ந்து வந்தாங்கன்னு என்னால ஓரளவு பாக்க முடியும். பாத்துச் சொல்லட்டுமா?"

உண்மையில் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசைதான். பக்கத்து ஊர்க்காரியாக இருந்தால்? ரேஷன் கடையில் ஒரு வார்த்தை போதுமே! ஆனால் அந்த கெஸ்ட் எழுதியதை மறுபடி படித்தேன். என் நிஜப் பெயரோ ஊரோ அதில் இல்லை. மற்றவர்கள் பார்த்தால் எதைப் பற்றி என்றே புரியாது. அவ்வளவு கவனமாக எழுதியிருந்தார்.

"வேணாங்க. அவங்க என்னை மறைச்சி வச்சாங்க. நான் அவங்களத் தேடக் கூடாது," என்றேன்.

பொதுப் பக்கத்தில் நன்றி சொல்லி, ஏன் உறுப்பினராகச் சேரவில்லை என்று மட்டும் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது: "எங்க வூட்ல போன் மாமியாருதுக்கா. நம்பர் குடுத்தா மெசேஜ் அவங்களுக்குத்தான் வரும். அதான் வெளியவே நின்னு படிச்சிட்டு, பாத்த ஹிஸ்டரிய அழிச்சிட்டு வச்சிடுவேன்."

அதற்குப் பிறகு கெஸ்ட்டுகளை வெளியேற்றச் சொன்னவர்களில் பலர் அடங்கிப்போனார்கள். ஒருசிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். எங்கள் பக்கங்கள் பூட்டப்பட்டன, பொதுப் பக்கம் அப்படியே தொடர்ந்தது. கெஸ்ட்டுகள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற விவரத்தைச் சேமிப்பதையும் அந்த அம்மா நிறுத்திவிட்டார்.

அந்த முறை சிகிச்சை பலிக்கவில்லை. அடுத்த முறை மகள் பிறந்தாள். பொதுப் பக்கத்தில் அதை எழுதியபோது, "சந்தோஷம்க்கா" என்று ஒரு கெஸ்ட் வாழ்த்தியிருந்தார். அவர்தானா, தெரியாது. நான் நம்பிச் சொல்லாத ஒருத்தி என் ரகசியத்தைத் தன்னுடையதுபோலக் காத்தாளே என்று நினைக்கும்போதெல்லாம், உள்ளே இருப்பவர் நம்மவர், வெளியே நிற்பவர் அந்நியர் என்று சட்டென்று பிரித்துவிட இன்றுவரை எனக்கு மனம் வருவதில்லை.