தெரிந்தே வாங்கிய மோட்டர்

பிழையென்று தெரிந்தே ஒரு பொருளை ஏன் வாங்கினேன்?

நாளை வாவிக்கரை மணலில் ரிமோட் கார் போட்டி. உப்பு மணல் உள்ளே போனால் மோட்டருக்குள் உரசியபடி மின்சாரம் கடத்தும் பிரஷ் தேய்ந்துவிடும். அதனால் கடையில் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டர் கேட்டேன்.

“மகன்ட காரா அக்கா?” என்றார் கடைக்காரர்.

“என்ட கார்.”

“அப்ப பிரஷ்லெஸ் வேணாம். அந்த வேகம் உங்கட கைக்கு நிக்காது. உங்களுக்குப் பிரஷ் மோட்டரே காணும்.”

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவள் நான். இருந்தும் அவர் எடுத்துத் தந்ததை வாங்கி வந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மறுநாள் இந்தப் பதிவில் சேர்த்தது: மூன்றாவது சுற்றில் என் கார் நின்றுவிட்டது. பிரஷ்லெஸ் காரோடு வந்து வென்றவர் அதே கடைக்காரர். என் காரைக் குனிந்து பார்த்தார்.

“இந்த மணலுக்கு ஆரும் பிரஷ் மோட்டர் போடுவாங்களா அக்கா?”