வெள்ளிக்கிழமைச் சூடு

கணினித் திரையில் எட்டு மேடுகள். ஒலுவில் வளாகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது பார்த்த அந்த வரைபடத்தை இன்று கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். எட்டு வாரமும் கோடு கிழித்ததுபோல் நேராகப் போயிருக்க வேண்டிய தொட்டி நீரின் வெப்பநிலை, வாரத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கியிருந்தது. திகதிகளைப் பார்த்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை, எல்லாம் ஜும்ஆத் தொழுகை நேரம். அதற்கு மேல் துப்பறிய ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் அறைக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு ஒரே ஒருவரிடம்தான் இருக்கும்.

அவர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பாலமுனையில் வீடு. இங்கே வருவதற்கு முன் சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லில் பல வருடம் மெசின் பார்த்தவர். வெள்ளிக்கிழமை பாங்கு சொல்வதற்கு முன்னரே மெயினை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போவது மில்லில் ஊறிய பழக்கம். இங்கும் கதவருகே இருந்த பலகையின் சுவிட்சுகளை ஒன்று விடாமல் நிறுத்தியிருக்கிறார். தொழுதுவிட்டு வந்து மறுபடி போட்டும் இருக்கிறார். அந்தப் பலகையில் லைட்டும் ஃபேனும் மட்டுமல்ல, கதவோர வரிசைத் தொட்டிகளைக் குளிர்விக்கும் இயந்திரமும் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெயில் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. உள்வரிசைத் தொட்டிகளுக்கான பலகை பக்கத்து அறையில் இருந்ததால் அவை தப்பின. அந்த நேரமெல்லாம் நான் கல்முனையில் வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறேன்.

தொட்டிகளில் இருந்தவை பாசிக்குடாப் பக்கமிருந்து, அலையாய் அலைந்து அனுமதி வாங்கிக் கொண்டுவந்த பவளத் துண்டுகள். பவளம் கல் அல்ல, உயிர். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து அதற்குச் சாப்பாடு கொடுக்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே துரத்திவிட்டு, வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும். சூடு தணியாவிட்டால் செத்துவிடும். எந்தச் சூட்டில் வெளுக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அதற்கு எல்லாத் துண்டுகளும் ஒரே சூட்டில் வளர்ந்திருக்க வேண்டும். இப்போது பாதி கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஆய்வுகூடத்தில் ஏழு பேர் பார்த்திருக்க அவரை ஏசினேன். வாப்பாவின் வயது என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஓம் மிஸ், நான்தான் நிப்பாட்டின. ஆளில்லாத எடத்துல கறண்ட் ஓடப்படாதெண்டு..."

அவரை முடிக்க விடவில்லை. "என்ட ரெண்டு வருசத்த நாசமாக்கிட்டீங்க" என்று கத்தினேன். காக்கா திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

புதிய துண்டுகளுக்கு வழியில்லை. இருப்பதை வைத்தே சோதனையை நடத்து என்றார் பேராசிரியர். இரண்டு வரிசைக்கும் சூட்டை ஏற்றினோம். நாலாம் நாள் காலை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சீராக வளர்ந்த உள்வரிசை சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தது. கெட்டுப்போனதென்று நான் நினைத்த கதவோர வரிசை தவிட்டு நிறம் மாறாமல் இருந்தது. அடுத்த கணம் நான் ஆட்டோவில் பாலமுனைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

காக்கா வீட்டு வளவில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, நீங்க சூடாக்கின பவளம் வெளுக்கல்ல."

"அது நல்லமா கூடாதா மிஸ்?"

நல்லம், நல்லம் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் விளக்கினேன். கொஞ்ச நேரம் சுட்டு, பிறகு ஆறி, மறுபடி சுட்டு ஆறும்போது பவளத்தின் உடம்பு தன்னைக் காக்கும் பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது, சில வேளை சூடு தாங்கும் பாசிக்குக் கூடுதல் இடம் கொடுக்கிறது, அடுத்த பெரிய சூட்டுக்குக் கலங்காமல் நிற்கிறது என்றேன்.

"அரை நோம்பு புடிச்சிப் பழகின புள்ள முழு நோம்புக்கு வாற மாதிரி" என்றார் அவர்.

இன்று வகுப்பில் நான் இதைத்தான் சொல்கிறேன். கூடவே, கடல் இப்படியே சூடாகிக்கொண்டு போனால் எந்தப் பழக்கமும் ஓர் எல்லைக்கு மேல் காப்பாற்றாது என்பதையும் சொல்கிறேன்.

ஆனால் அன்று பேராசிரியர் குதிக்கவில்லை. ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம், கதவோரத்தில் நல்ல துண்டுகள் வாய்த்திருக்கலாம் என்றார். வரிசையை மாற்றி மறுபடி செய்து காட்டச் சொல்லி, புதிய துண்டுகளுக்கு அவரே அனுமதியும் எடுத்துத் தந்தார். அதிலும் அதே முடிவு வந்தால்தான் அது கண்டுபிடிப்பு. வராவிட்டால் காக்கா செய்தது வெறும் பிழை, நான் ஏசியது நியாயம்.

இம்முறை பக்கத்து அறைப் பலகையை வெள்ளிக்கிழமைகளில் நிறுத்த வேண்டும். காக்கா மறுத்துவிட்டார். "இனி அந்த சுவிச்சில கை வெக்க மாட்டன் மிஸ். வேணுமெண்டா எழுதித் தாங்க." எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதன் பிறகு எட்டு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் புறப்படும்போது மிகுந்த பொறுப்போடு நிறுத்தினார்.

மறுபடி சூடேற்றினோம். நாலாம் நாள் காலை எல்லோரும் தொட்டிகளைச் சுற்றி நின்றோம். காக்கா மட்டும் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வெள்ளையா மிஸ்?"

கதவோர வரிசை வெள்ளை. உள்வரிசை, அவருடைய வெள்ளிக்கிழமைச் சூடு பட்ட வரிசை, தவிட்டு நிறம். சட்டைக் கையைப் பிடித்து அவரை உள்ளே இழுத்து வந்தேன். குனிந்து ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். நிமிர்ந்து, நின்றவர்களையும் ஒருமுறை பார்த்தார்.

"அப்ப, அண்டைக்கு ஏசினதத் திருப்பி எடுங்க மிஸ்."

எடுத்தேன். அன்றைக்குக் கேட்டிருந்த அதே ஏழு பேருக்கும் முன்னால், அதே சத்தத்தில்.