கடைசி பெஞ்சில் இருந்த என் மகளுக்குக் கிடைத்த இடம்

சபையாரே, கண்ணீரோடுதான் இதை எழுதுகிறேன். கேரளத்தில், பாறசாலைக்கு அடுத்த காரோட்டில் இருக்கிறோம். அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துக் குடும்பம் நடத்துகிறவள் நான். என் கணவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. நான் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் ஜெனிஷாதான் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி லீவு போட்டு அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவாள். பக்கத்தில் இருந்து தமிழ் வேதாகமம் வாசித்துக் கொடுப்பாள். பரீட்சைக்குச் சற்று முன்னால் அவர் கர்த்தரிடம் போய்விட்டார். பிள்ளை அழுத கண்ணோடு போய் எழுதினாள். ஜெயித்தாள், ஆனால் மார்க் மிகவும் குறைவு.

எங்கள் பக்கம் பெண்பிள்ளை என்றால் நர்சிங்தான். நானும் அதற்கு மட்டுமே விண்ணப்பிக்கச் சொன்னேன். ஒரு அலாட்மென்ட் லிஸ்டிலும் அவள் பெயர் வரவில்லை.

நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளை ஆராதனை முடிவில் முன்னால் அழைத்துப் பரிசு கொடுப்பது எங்கள் சபை வழக்கம். அன்று என் மகள் கடைசி பெஞ்சில் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நாளைக்கு நானும் ஒங்ககூட அண்டி ஆபீசுக்கு வாறேன்" என்றாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடங்கும் சங்கிலி ஜெபம். அவள் முறை வந்தது. பக்கத்து வீட்டு மேரி அக்கா மெதுவாக, "சொல்லு மக்கா, அவரு மார்க்கெல்லாம் பாக்கமாட்டாரு" என்றார்.

"ஆண்டவரே, அப்பாவ எடுத்தீரு. படிப்பையாவது எடுக்காதேயும்."

அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் மேரி அக்கா ஓடிவந்தார். "எடி, காலேஜுல பி.ஏ. தமிழுக்கு ஆள் சேரல்ல, ஸ்பாட் அட்மிஷன் உண்டு. பிள்ளைய கூட்டிட்டுப் போ!"

போனோம். அங்கிருந்த டீச்சர் சர்டிபிகேட்டைப் பார்த்து, "நீ படிச்சது மலையாளம் மீடியம் ஆக்குமே. தமிழ் வாசிப்பியா மோளே?" என்று ஒரு புத்தகத்தை நீட்டினார். தட்டாமல் தடுமாறாமல் வாசித்தாள்.

"இது எங்க படிச்சே?"

"ஆஸ்பத்திரியில, டீச்சர். அப்பாவுக்கு வாசிச்சுக் குடுத்து."

டீச்சர் இடம் கொடுத்தார்.

அவள் மார்க்கைக் குறைத்த அந்த நாட்களுக்குள்ளேயே கர்த்தர் அவளுக்கு வழி வைத்திருந்தார். என் கணவரை ஏன் எடுத்தார் என்று மட்டும் இன்றும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டேதான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

இந்த வருடமும் பரிசு ஞாயிறு வந்தது. ஜெனிஷா என் பக்கத்திலிருந்து எழுந்துபோய், கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்திருந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மார்க் குறைந்த பிள்ளைக்காக அழுகிற தாய் தகப்பன்மாரே, பிள்ளையையும் ஜெபத்தில் கூட இருத்துங்கள். அது தன் வாயாலேயே கேட்கட்டும். என் மகளின் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டவர், உங்கள் பிள்ளை சொல்வதையும் கேட்பார்.