கிர்கெனெஸிலிருந்து வாட்ஸோவுக்குப் பதினைந்து நிமிடம்

பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகில் ஒரு சிறிய பயண முகவர் நிலையத்தில் இருபது வருடங்களாக டிக்கெட் போடுகிறேன். இந்த மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஜூன் மாதக் காலையில் ரெஜினா அக்கா வந்தார். மன்னார்க்காரர், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரைப் பகுதியில் ஒரு வயதான இத்தாலிய சிஞ்ஞோராவை வீட்டோடு இருந்து பராமரிக்கிறார். அவருடைய அண்ணன் அன்ரன் நோர்வேயின் வடகோடியில், வாட்ஸோ என்ற ஊரில் இருக்கிறார். அண்ணி இறந்துவிட்டார், நாளை மறுநாள் காலை அடக்கம்.

"எப்பிடியாவது போகவேணும் தம்பி. அண்ணனைக் கண்டு பதினெட்டு வருசம்."

ரோம், ஒஸ்லோ, பிறகு கிர்கெனெஸ். அங்கிருந்து வாட்ஸோவுக்கு ஒரு சின்ன விமானம். நாற்பது கிலோமீட்டர், பதினைந்து நிமிடப் பறப்பு என்று திரை காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அக்கா, உது பக்கத்து ஊர். டாக்சியிலை போங்கோ" என்றேன். கடைசிக் கனெக்‌ஷனைப் போடவில்லை.

மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குக் கிர்கெனெஸிலிருந்து அக்காவின் போன் வந்தது. "தம்பி, நடுவிலை கடலாம். சுத்திப்போக நூற்றெழுபது கிலோமீட்டருக்கு மேலையாம். டாக்சிக்காரன் வரமாட்டன் எண்டுறான்."

வரைபடத்தைத் திறந்தேன். நிலத்துக்குள் நீளமாக நுழைந்த கடல். இந்தக் கரையில் கிர்கெனெஸ், அந்தக் கரையில் வாட்ஸோ. அன்றைய சின்ன விமானத்தில் இடமில்லை. மறுநாள் விமானம் போய்ச் சேர்வதற்குள் அடக்கப் பூசை முடிந்துவிடும். அன்ரன் அண்ணருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "ஓம். நான் காரிலை போய்க் கூட்டிக்கொண்டு வாறன். வீடு நிறையச் சனம், என்னாலை இருக்கேலாமல் கிடக்கு" என்றார்.

மிச்சத்தை, திரும்பி வந்தபின் அக்கா சொன்னார். அந்த ஊரில் ஜூனில் சூரியன் மறைவதில்லையாம். கடலை ஒட்டியே பாதை. மரங்கள் ஆள் உயரம்தான். தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெளிச்சம். அண்ணன் ஒரு சொல்லும் கதைக்காமல் ஓட்டினார். ஓரிடத்தில் மான் கூட்டமொன்று பாதையில் நின்று அசையவில்லை. அவர் எஞ்சினை நிறுத்தினார். சத்தமே இல்லை.

"அவளுக்கு இந்த வெளிச்சம் விருப்பம்" என்றார். பிறகு ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதார். மான்கள் போன பிறகும் இருவரும் அங்கேயே இருந்தார்களாம்.

"ஒரு கிழமையா அழாத மனுசன். உம்மடை பிழையாலைதான், தம்பி, அவர் வாய் திறந்தவர்" என்றார் அக்கா.

அது அவருடைய நல்ல மனம். நான் ஒரு எண்ணைப் பார்த்துச் சிரித்ததால், மறுநாள் மனைவியை அடக்கம் செய்ய இருந்தவர் ஐந்து மணி நேரம் கார் ஓட்டினார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு விமானம் பறக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். டிக்கெட் போடுமுன் வரைபடத்தைத் திறவுங்கள். வந்தவரை மேசையின் இந்தப் பக்கம் கூப்பிட்டு, அவருக்கும் காட்டுங்கள்.