கிணற்றுக்குச் சுவர் கேட்ட அண்ணி

எங்கள் வீட்டுக் காம்பவுண்டு சுவரின் மேல் அப்பா பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன. பாப்பாரப்பட்டிக்குப் போகும் பாதையில், ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பிய சுவர் அது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு முறை மோட்டார் திருடு போனதும், அப்பாவும் அண்ணனும் சேர்ந்து கட்டினார்கள். இரும்பு கேட், அதற்கொரு பெரிய பூட்டு, இரண்டு நாய்கள், பிறகு வாசலைப் பார்த்தபடி ஒரு கேமரா. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அந்தச் சுவரைத் தட்டிக் காட்டுவார். சமையலறைப் பின்கதவிலிருந்து இருபதடி தூரத்தில் கிணறு இருந்தது. பாறையை வெட்டி இறக்கிய ஆழக் கிணறு. அதைச் சுற்றி ஒரு கல்கூடக் கிடையாது. தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்த அண்ணி, வந்த வாரமே அதற்குச் சுவர் கேட்டாள். "நம்ம வூட்டுப் புள்ளைங்க இந்தக் கிணத்தோடதான் வளந்ததுங்க, ஒண்ணும் ஆவல" என்றார் அப்பா. தக்காளி முடியட்டும் என்றான் அண்ணன். தக்காளி முடிந்தது, மஞ்சள் முடிந்தது. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது அதனால்தான். முடியாது என்று சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். மகள் பிறந்து நடக்கத் தொடங்கியதும், அண்ணியே முள்ளை வெட்டி வந்து கிணற்றைச் சுற்றிப் போட்டாள். மோட்டாரைப் பார்க்க இறங்குகிறவர்கள் அதை ஒதுக்கிவிட்டுப் போவார்கள். அவள் மறுபடி இழுத்துப் போடுவாள்.

நான் அப்போது தர்மபுரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன். ஒரு நாள் என்னிடம், "உங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லு கண்ணு. நீ சொன்னா கேப்பாரு" என்றாள். சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு அண்ணன் புதுக் கேமராவை என் போனில் இணைத்துத் தந்தான். எங்கிருந்தாலும் நம் வீட்டு வாசலைப் பார்க்கலாம் என்றான். நானும் வியந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சொல்லாமலே பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு முற்பகலில், மோட்டார் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போன அண்ணன் பின்கதவைத் திறந்து போட்டான். முள்ளையும் ஒதுக்கினான். வேலை முடிந்ததும் இருவரும் தோட்டத்து வழியாக அப்படியே போய்விட்டார்கள். அண்ணி முன்பக்கத்தில் களையெடுக்க வந்த பெண்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையை மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. மூன்றரை வயது. அன்றைக்கும் கேமரா வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியாள் ஒருவரும் உள்ளே வரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள், பெற்றவள் கவனிக்க வேண்டாமா என்று. அப்பாவும் சொன்னார். கதவைத் திறந்து போட்ட அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் எத்தனை முறை கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில், தடதடவென்று சத்தம் கேட்டு வெளியே ஓடினோம். அண்ணி கடப்பாரையால் முன்சுவரை இடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சில்லு கிழித்து முழங்கை வரை ரத்தம். "ரோட்டுல போறவனெல்லாம் வூட்டுக்குள்ள பாப்பான்" என்று அண்ணன் அவள் கையைப் பிடித்தான்.

"பாக்கட்டுங்க. எடுத்துக்கிட்டுப் போறதுக்கு இனிமே என்ன இருக்குது?"

அவன் கையை விட்டுவிட்டான். பெயர்ந்த கற்களை அவள் ஒவ்வொன்றாகப் பின்னால் சுமந்தாள். நானும் சுமந்தேன். ஊர்க் கொத்தனார் ஒருவர் வந்து, நான்கு நாளில் கிணற்றைச் சுற்றி நெஞ்சளவு சுவர் எழுப்பித் தந்தார். முன்னால் கேட் மட்டும் தனியாக நின்றது.

இப்போது அவளுக்கு ஒரு மகன். பள்ளிக்கூடம் போகிறான். போன மாதம் தோட்டம் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், கிணற்றுச் சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணன் சொன்னான், "புள்ளைங்க இருக்கற வூடு பாருங்க, அதான் கட்டிட்டேன்."

"நீ கட்டல. முன்செவுத்த இடிச்சு அண்ணி கட்டுனது. நீ கட்டியிருந்தா பாப்பா இருந்திருப்பா" என்றேன். அண்ணன் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

அண்ணி பின்கதவருகே நின்றிருந்தாள். அவள் கண் கலங்கும், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"இப்ப சொல்ற கண்ணு" என்றாள், என்னை நேராகப் பார்த்து. "அன்னிக்கு எல்லாரும் என்னயக் கொற சொன்னப்ப நீயும் அங்கதான உக்காந்திருந்த."